சுரண்டினால் நாலு நாற்பதாகும்

சிங்கப்பூரில் வீட்டுக்குள் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அன்பர் கேட்டது சுருக்கமாக இதுதான்: லைவ் ராக்கின் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையின்) மேல் பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சின்னச் சின்னக் கடல்சாமந்திகள் முளைத்திருக்கின்றன. மூன்று மாதங்களுக்கு முன் இரண்டு, இப்போது இருபத்தைந்துக்கு மேல். இடுக்கியால் பிடுங்கிப் பார்த்ததில் இன்னும் கூடிவிட்டன. பாறையின் அடிப்பக்கம் பச்சையாகக் குட்டையாக ஒன்றும் இருக்கிறது. பவளங்களுக்குத் தீங்கில்லாமல் எல்லாவற்றையும் அடியோடு ஒழிக்க எந்த மருந்து நல்லது?

கேட்டது மருந்தை. ஆனால் பிடுங்கப் பிடுங்க ஏன் பெருகுகிறது என்பதும், 'அடியோடு' என்பது நடக்கிற காரியமா என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பின்னதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் நடக்காது, அதனால் குடிமுழுகிப் போவதுமில்லை. நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். பிறகு பதினோரு ஆண்டுகள் அலங்காரக் கடல்மீன் வியாபாரத்தில் தொட்டிகளைப் பராமரித்தேன். ஆகவே கீழே சொல்வதில் பாதி படிப்பு, பாதி கைப்பழக்கம். கைப்பழக்கத்தில் வந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன், அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வர்ணனைப்படி அந்த இருபத்தைந்தும் ஐப்டேசியாதான். விஞ்ஞானப் பெயர் எக்ஸைப்டேசியா டயஃபானா. மெல்லிய தண்டு, அதன் உச்சியில் நீளமாகக் கூராக முடியும் கைகள், விரல் நிழல் பட்டாலே சட்டென்று துளைக்குள் உள்ளிழுத்துக்கொள்ளும் சுபாவம். இறகுபோலக் கிளைத்த கைகள் இருந்தால் அது குழாய்ப்புழு. தொட்டிக்கு நல்லது, விட்டுவிடுங்கள். பச்சையாகக் குட்டையாக இருக்கும் அந்த ஒன்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கைகளின் நுனி உருண்டு குமிழ்போல இருந்தால் அது மஜானோ என்கிற வேறு இனம். பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வது இங்கே வெறும் புத்தக விஷயம் இல்லை. ஐப்டேசியாவைத் தின்னும் பிராணிகள் பெரும்பாலும் மஜானோவைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இனி, பெருகும் விதம். ஐப்டேசியாவின் பாதம் பாறையில் ஒட்டியிருக்கும். அது மெல்ல இடம் நகரும்போது பாதத்தின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவு சதைத் துணுக்குகளைப் பின்னால் விட்டுச் செல்லும். நாம் தொடாமலே இது நடக்கும். ஒவ்வொரு துணுக்கிலும் வாயும் கைகளும் முளைத்து, ஓரிரு வாரத்தில் அது தனி உயிராகிவிடும். இடுக்கியால் பிடுங்கும்போது தண்டு கையோடு வரும், பாதத்தின் கிழிசல்கள் பாறைத் துளையிலேயே தங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொட்டியில் நான்கு ஐப்டேசியாக்களைப் பார்த்தேன். முதலாளி வருவதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நான்கையும் சுரண்டி எடுத்தேன். பம்பை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சுரண்டிய துகள்கள் நீரோட்டத்தில் சுழன்று தொட்டி முழுக்கப் பறந்ததை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து அதே தொட்டியில் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை மட்டும் வாங்கிப் பூட்டி வைத்தார்.

நீங்கள் ஒழிக்கத் துடிக்கும் இதே பிராணியை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பிளாஸ்டிக் டப்பாக்களில் செல்லமாக வளர்க்கிறார்கள் என்பது வேடிக்கை. பவளத்தைப் போலவே இதன் உடலுக்குள்ளும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து சர்க்கரை ஊட்டுகின்றன. பவளத்தை வளர்ப்பது கடினம், இதைக் கொல்வது கடினம். அதனால் பவளம் தன் பாசியை இழந்து வெளிறுவதை ஆராய்கிறவர்களுக்கு இது வசதியான பதிலி. 2015இல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். அவர்கள் அதிகம் பயன்படுத்தும் சிசி7 என்ற வம்சம் முழுவதும் ஒரே ஓர் ஐப்டேசியாவிலிருந்து வந்தது. உங்கள் தொட்டிக்குள் வந்ததும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அதே ஆய்வுக்கூடங்களிலிருந்து நமக்கு உறுதியாகத் தெரிய வந்த இன்னொரு செய்தி: பாசியை முழுவதுமாக நீக்கிவிட்டு இருட்டில் வைத்தாலும், அவ்வப்போது ஆர்டீமியா என்ற நுண்ணிறாலின் குஞ்சுகளைப் போட்டால் ஐப்டேசியா வெள்ளை வெளேரென்று உயிரோடு இருக்கும். ஆகவே 'மூன்று நாள் விளக்கை அணைத்து வையுங்கள்' என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளிச்சம் போனால் அதற்கு முன் வதங்குவது உங்கள் பவளம்தான். தீனியைக் குறைப்பதும் இதன் மறுபக்கம். இரை குறைந்தால் பெருகும் வேகம் தளரும், ஆனால் வெளிச்சம் இருக்கும்வரை பாசி சோறு போட்டுக்கொண்டே இருக்கும். உறைந்த இறால் கட்டியை அப்படியே தொட்டியில் போடுகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கரைத்து, அந்த நீரை வடித்து, மீன் தின்கிற அளவு மட்டும் கொடுங்கள். மீனைப் பட்டினி போடும் அளவுக்குப் போக வேண்டாம். தாமிரம் கலந்த மீன் மருந்துகளை இந்தத் தொட்டியின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஐப்டேசியா சாகிறதோ இல்லையோ, பவளமும் இறாலும் நத்தையும் நிச்சயம் சாகும்.

கைவைத்தியத்தில் நான் நம்புவது சுண்ணாம்பு. தொட்டி வைத்திருப்பவர்கள் ஜெர்மன் பெயரில் கால்க்வாசர் என்று வாங்கும் தூள் வேறொன்றுமில்லை, கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் அதே பொருள். ரெட் சீ நிறுவனத்தின் ஐப்டேசியா-எக்ஸ் போன்ற கடைச் சரக்குகளும் கிட்டத்தட்ட இதே பாணியில் வேலை செய்கின்றன: வாயில் விழுந்ததை இரை என்று விழுங்க வைத்து, உள்ளிருந்து சுட்டுவிடுவது. தூளில் சில சொட்டு நீர் விட்டு, தோசை மாவைவிடச் சற்று கெட்டியாக, ஊசியில் இறங்கும் பதத்துக்குக் குழையுங்கள். எல்லாப் பம்புகளையும் நிறுத்தி, நீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். ஒரு மில்லி சிரிஞ்சில் மழுங்கிய, சற்றே அகலமான முனையை மாட்டி, ஐப்டேசியா முழுதாக விரிந்திருக்கும்போது மேலிருந்து மெதுவாக, நிழல் விழாமல் இறக்குங்கள். கைகளைத் தொடக் கூடாது. வாய்க்கு நேர் மேலே விரற்கடையில் கால்பங்கு உயரத்தில் நிறுத்தி, ஒரு துளி. அது கைகளை உள்ளே மடித்து அந்தத் துளியை அணைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். அப்போது அவசரப்படாமல் இன்னும் ஒரு துளியை மேலே விட்டு, துளையின் வாயை வெள்ளையாக மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, மிச்ச வெள்ளையை மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் பம்பை ஓட விடலாம். பவளத்தின் மேல் துளி விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். அருகில் பவளம் இருந்தால் முடிந்தவரை பாறையைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு 200 லிட்டர் நீரில் முழுதும் கரைந்தால் காரத்தன்மையை ஏறக்குறைய 0.4 டிகேஎச் (தொட்டிக்காரர்கள் காரத்தன்மையை அளக்கும் அலகு) உயர்த்தும். அதோடு பிஎச் சட்டென்று ஏறும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு கிராமைத் தாண்ட வேண்டாம். ஆறு, ஏழு ஐப்டேசியாவுக்கு அது போதும். மிச்சத்தை மூன்று நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே இரவில் இருபத்தைந்தையும் முடித்துவிட வேண்டும் என்ற வெறி வரும். வரும்போது தொட்டியை விட்டு எழுந்து போய்விடுங்கள்.

கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. பசை ஊசிமுனையில் அடைத்துக்கொள்ளும், நாம் கட்டைவிரலால் அழுத்துவோம், முனை கழன்று எல்லாம் முகத்தில் தெறிக்கும். எனக்கு நடந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடி காப்பாற்றியது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கருவிழி வெந்துபோகும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடிப் பார்வை இழந்த குழந்தைகளை இந்தியக் கண் மருத்துவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனை. லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பையே போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேதியியல்படி அதேதான். ஆனால் அதில் வாசனையோ நிறமோ வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது டப்பாவில் எழுதியிருக்காது. சில வெள்ளி மிச்சத்துக்காகத் தொட்டியைப் பணயம் வைக்க வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், கொதிநீர் மூன்றையும் ஊசியில் ஏற்றி உடலுக்குள் குத்துகிறவர்கள் உண்டு. சாறு வேலை செய்யும், ஆனால் தண்டுக்குள் ஊசி நேராக இறங்க வேண்டும். குத்துவதற்குள் பாதி தப்பிவிடும். கொதிநீர் தொட்டி நீருக்குள் போகிற வழியிலேயே ஆறிவிடுகிறது. சூப்பர் க்ளூவால் துளையை மூடினால் சில சமயம் உள்ளேயே சாகும், சில சமயம் பக்கத்துத் துளையில் தலை நீட்டும். நுண்துளை மலிந்த லைவ் ராக்கில் பின்னது அதிகம் என்பது என் அனுபவம். எத்தனைக்கு எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை.

இப்போது தின்னும் பிராணிகள். எல்லோரும் முதலில் சொல்வது பெப்பர்மின்ட் இறால். ஐப்டேசியா தின்பதாகப் பெயர் வாங்கியது லிஸ்மாட்டா வுர்டெமானி. 2006இல் அதை ஆராய்ந்தவர்கள், அந்தப் பெயருக்குள் ஒன்றோடொன்று ஒத்திருக்கும் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். புளோரிடாவிலிருந்து வியாபாரத்துக்கு வருவதில் பெரும்பகுதி லிஸ்மாட்டா போகெஸ்ஸி. நம் பக்கத்துக் கடைகளில் சிவப்புக் கோடு போட்ட எந்த இறாலுக்கும் பெப்பர்மின்ட் என்றே பெயர், அவற்றில் இந்தோ-பசிபிக் இனங்களும் கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பசி இல்லை. ஒரே இனத்துக்குள்ளும் ஒன்று தின்னும், இன்னொன்று மீன் தீனிக்குக் காத்திருக்கும். ஏமாந்து ஒட்டக இறாலை வாங்கிவிடாதீர்கள். அது முதுகு கூனி, கண் பெருத்து, உடல் முழுக்க வெள்ளைப் புள்ளியும் கோடுமாகப் பளிச்சென்று இருக்கும். மூக்குமுள் கீல் வைத்ததுபோல மேலும் கீழும் அசையும். ஐப்டேசியாவுக்குப் பதில் உங்கள் சோவாந்திட்களை (பவளத்துக்கு உறவான, கூட்டமாகப் பாறையில் படரும் சிறு உயிர்களை) தின்றுவிடும். நல்ல பெப்பர்மின்ட் சற்று மங்கலாக, கண்ணாடி உடலில் சிவப்புக் கோடுகளோடு இருக்கும். அழகில் குறைந்ததை வாங்குங்கள் என்று கடையில் நான் சொன்னபோதெல்லாம் யாரும் நம்பியதில்லை. மூன்று, நான்கு விட்டு, முதல் இரண்டு வாரம் இரவில் தீனி போடாமல் பாருங்கள். சின்ன ஐப்டேசியாக்கள் காணாமல் போகும். கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்தவற்றைப் பெரும்பாலும் தொடாது, அவற்றுக்குச் சுண்ணாம்புதான்.

என் மனதுக்குப் பிடித்தது பெர்கியா. ஓடில்லாத கடல்நத்தை, பெரிதாக வளர்ந்தாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். பல ஆண்டுகள் பெர்கியா வெருசிகோர்னிஸ் என்ற தவறான பெயரில் விற்றார்கள். புளோரிடாவில் கிடைக்கும் இதை 2005இல்தான் தனி இனமாக விவரித்தார்கள். இப்போதைய பெயர் பெர்கியா ஸ்டெஃபனியே. இதற்கு ஐப்டேசியாவைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அதில் சந்தேகமே வேண்டாம். இரவில் சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால், தன்னைவிடப் பெரிய ஐப்டேசியாவை நெருங்கி, முதுகிலுள்ள விரல்போன்ற முடிச்சுகளை முன்னே சாய்த்துக்கொண்டு தண்டைக் கடிப்பது தெரியும். ஐப்டேசியா வெள்ளை நூல்களைக் கக்கும். அந்த நூல் முழுக்கக் கொட்டும் செல்கள், பக்கத்துப் பவளத்தைச் சுடுவதும் அவைதான். நத்தை அந்த நூலையும் சேர்த்துத் தின்றுவிட்டு, வெடிக்காத கொட்டும் செல்களைத் தன் முதுகு முடிச்சுகளின் நுனியில் சேமித்து, தனக்கு ஆயுதமாக்கிக்கொள்கிறது. கொட்டுகிறவனின் குண்டையே பறித்து இடுப்பில் செருகிக்கொள்கிற கில்லாடி.

ஆனால் அதன் பலமே பலவீனமும். ஐப்டேசியா தீர்ந்தால் பட்டினியில் சாகும். விட்ட நாலாம் நாள் ஒன்றையும் காணோமே என்று பயப்பட வேண்டாம், பகலெல்லாம் பாறைக்கடியில்தான் இருக்கும். சுருள் சுருளாக வெள்ளை முட்டைநூல் கண்ணில் பட்டால் நல்ல சகுனம், பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். 200 லிட்டருக்கு ஆறு முதல் பத்து வரை விட்டுவிட்டு மூன்று, நான்கு மாதம் பொறுத்திருப்பது என் கணக்கு. வேறு கணக்கு சொல்கிறவர்களும் உண்டு, அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆறுகோட்டு ராஸ் மீன் உங்களிடம் இருந்தால் பெர்கியா வாங்காதீர்கள். ஒருமுறை எட்டு நத்தைகளைத் தொட்டியில் ஒரே மேட்டில் இறக்கினேன். விளக்கை அணைக்கத் திரும்புவதற்குள் ராஸ் மூன்றை முடித்துவிட்டது. பெப்பர்மின்ட் இறாலும் இவற்றைத் தின்னும். அதனால் இறால், நத்தை இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும். பம்பின் உறிஞ்சுவாய்க்கு மெல்லிய பஞ்சுறை போட மறக்காதீர்கள்.

மீன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் கூட்டத்துக்கு உறவான அக்ரெய்க்திஸ் டொமென்டோசஸ் என்ற சிறு மீன் ஐப்டேசியாவை விரும்பித் தின்னும். தின்று முடித்தபின் பவளத்தைக் கொறிக்காது என்று உத்தரவாதம் தர என்னால் ஆகாது. நீண்ட மூக்குள்ள கெல்மோன் ரோஸ்ட்ராட்டஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மீனைச் சிங்கப்பூரின் தென்தீவுப் பாறைகளிலேயே நீங்கள் பார்க்கலாம். அங்கேயே பாருங்கள். தொட்டிக்கு வந்தால் தீனி எடுக்காமல் மெலிந்து சாவது அதிகம், 200 லிட்டர் அதற்குப் போதவும் போதாது. பூச்சி மருந்துபோல மீனை வாங்குவது எனக்கு ஒப்புவதில்லை.

பாறையையே வெளியே எடுத்துவிடலாமா என்றால், சிறிய பாறையாக, அதில் பவளம் ஒட்டாமல் இருந்தால் அதுவே சுலபமான வழி. வெயிலில் பல வாரம் காய விடுங்கள். நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் அதை வேகவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பாறையில் சோவாந்திட், பாலிதோவா இனங்கள் ஒட்டியிருந்தால் அவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாயில் மாவி தீவின் ஹானா பகுதியில் 'லிமு மாகே ஓ ஹானா', அதாவது ஹானாவின் கொலைப்பாசி என்று அஞ்சிய பொருளிலிருந்து 1971இல் பிரித்தெடுத்த நஞ்சு அது. உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. ஆவியோடு மூச்சில் போய், பாறையை வேகவைத்த வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஐப்டேசியா தொட்டியை அசிங்கப்படுத்தும், அவ்வளவுதான். இது ஆளைக் கொல்லும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரம் பெரியவை ஏழெட்டை இரண்டு தவணையாகச் சுண்ணாம்பால் முடிப்பேன். அடுத்த வாரம் தொட்டியில் ராஸ் இல்லையென்றால் பெர்கியா, இருந்தால் பெப்பர்மின்ட். நத்தை விட்டபின் சுண்ணாம்பை எடுக்க மாட்டேன். இடையில் சம்ப் (தொட்டிக்குக் கீழே நீரைச் சுத்திகரிக்கும் பெட்டி), நீர் வழியும் பெட்டி, சில்லர் குழாயின் வாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மேலே தொட்டியில் ஒழித்துவிட்டுக் கீழே சம்பில் இருநூறை வளர்த்துக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாக வாங்கும் பவளத் துண்டை அது ஒட்டியிருக்கும் சிமென்ட் குமிழோடு தொட்டிக்குள் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். துண்டைப் பெயர்த்து, அடியை உரித்து, புதுக் குமிழில் ஒட்டி, நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அயோடின் கரைசலில் முக்கி எடுப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஐப்டேசியா அதில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும் விரிந்துகொள்ளும்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது உயிர்ப்பவளத்தை விற்றால், ஐப்டேசியாவைவிடப் பெரிய தலைவலியை வாங்குகிறீர்கள்.

பாறையின் அடிப்பக்கத்துப் பச்சைக்காரனை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். தொட்டியின் நீல விளக்கை அணைத்து, வெள்ளை விளக்கில், கைகளின் நுனி தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். குமிழ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மஜானோவாக இருந்தால் நத்தைக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் அந்தப் பாறையை என்ன செய்வது என்று பேசலாம்.